தண்டல் அலாவுதீனும் பெற்றோர் சங்கத்துப் பரிசுகளும்

பினாங்குத் துறைமுகத்தில் தண்டல் என்றால் தொங்காங் என்னும் சரக்குப் படகுக்காரர்களுக்குத் தலைவன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது எந்தப் படகு முன்னே வரவேண்டும், எது ஒதுங்கவேண்டும் என்று கத்துகிறவன். ஊரிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்கோ தண்டல் என்றால் வசூல். கடை கடையாக ஏறி இறங்கித் திரட்டுவது. ஒரே சொல், இரண்டு பிழைப்பு. இந்த வித்தியாசத்தை 1931ஆம் ஆண்டுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுதான் அது அலாவுதீன் வீட்டுக்குள் நான்கு கோழிகளையும் ஒரு சேவலையும் ஓர் ஆட்டுக்கிடாவையும் கொண்டுவந்து சேர்த்தது. சேவல் இரண்டு என்று சொல்வோர் உண்டு. ஒன்றுதான்.

அலாவுதீன் முதல் வகைத் தண்டல். பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, மூட்டை தூக்கி, துடுப்புப் போட்டு, பிறகு தண்டலானார். அதற்குக் காரணம் அவருடைய தொண்டை. படகுத்துறையில் நின்று அவர் 'ஏய்!' என்றால் நங்கூரமிட்ட கப்பலில் மாலுமி திரும்பிப் பார்ப்பான். தண்ணீருக்கு மேலேதான் அப்படி. கூரைக்குக் கீழே நாலு பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டால் ஆள் வேறு. வாயில் சொல் வராது. வந்தால் தப்பாக வரும். ஒன்றை வேண்டாம் என்று சொல்லப் போய், அதையே தலையில் கட்டிக்கொண்டு திரும்புவார்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் குடியிருந்தார். வீடு அவர் மனைவி ஆசியா பீவியுடையது. அவளுடைய வாப்பா மகளுக்கென்று எழுதி வைத்தது. முன்னால் கூடம், நடுவில் வானம் தெரியும் முற்றம், கடைசியில் அடுப்படி என்று ரயில்பெட்டிகளைக் கோத்ததுபோல் நீண்டு ஒடுங்கிய வீடு. வாசலில் நின்று ஆசியா பீவியைக் கூப்பிடத் தண்டலின் தொண்டை தேவைப்பட்டது.

அவர்களுக்கு ஒரே மகள், ஷரீஃபா, பதினோரு வயது. அவள் மாலைப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கும் எழுத்துக்கடை ஒன்றின் மாடியில் கமாலுதீன் வாத்தியார் நடத்திய பள்ளிக்கூடம் அது. மாணவர்களின் வரிசை எண்ணை வாத்தியார் எல்லார் முன்பும் படிப்பதில்லை. அந்தந்தத் தகப்பன் காதில் மட்டும் சொல்லுவார். இரண்டு பரீட்சையாக அவர் அலாவுதீன் காதில் சொன்னது ஒரே சொல்: "முதல்."

அலாவுதீன் அதை வெளியே சொல்லவில்லை. கட்டுமரம் ஏறிய பூனைபோல் அசையாமல் இருந்தார். காரணம், அவருடைய மச்சான்.

மச்சான் நாகூர் மீரான், ஆசியா பீவி 'நானா' என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், பினாங்கு ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆசியா பீவி மறுபேச்சுப் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா நடத்தப் போகிறார்கள், அதுவும் நாடகக் கொட்டகையில் நடத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"புள்ள படிக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா ஆம்பளைங்க கூட்டத்துல அவ மேடையேறி நின்னான்னு வை, அன்னைக்கோட பள்ளிக்கூடம் கட். நாடகக்காரி நிக்கிற எடத்துல நம்ம வீட்டுப் புள்ள நிக்கக் கூடாது. என்ன மச்சான்?"

"சரி மச்சான்" என்றார் அலாவுதீன். கூரைக்குக் கீழே இருந்தார் அல்லவா.

இதில் அவருக்கு இருந்த சிக்கல் எளியது. பரிசு என்று ஒன்று வந்தால் ஷரீஃபா முதலாவதாக வருவாள். முதலாவதாக வந்தால் மேடை. மேடை என்றால் படிப்பு நின்றது. பாய்மரக் கயிற்றை அவிழ்க்கிறவன்கூடத் தன் பெயரைத் தானே எழுதிச் சம்பளம் வாங்கும் காலம் வரும், அதில் தன் மகள் மட்டும் அடுப்படியில் நிற்கக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். ஆகவே ஒரே வழி: பரிசே இருக்கக் கூடாது.

பெற்றோர் சங்கம் பள்ளிக்கூட மாடியில் கூடியது. செயலாளர் கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் காரியாலயத்தில் குமாஸ்தா. அவருடைய மகன் ஆனந்தராஜா பகலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலும் மாலையில் இங்கேயும் படித்தான். செயலாளர் எழுந்து தீர்மானத்தைப் படித்தார்: நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சங்கம் தன் செலவில் பரிசு கொடுக்க வேண்டும்.

"நம்ம கைய விட்டு யாரோ வீட்டுப் பயலுக்கு ஏன் குடுக்கணும்?" என்று ஓர் எண்ணெய்க்கடைக்காரர் முதலில் கேட்டார். "எவன் மொதல்ல வர்றானோ அவன் அத்தாவே வாங்கிக் குடுக்கட்டும்லா."

"அப்ப அது பரிசு இல்லை, பலகாரம்" என்றார் கதிர்காமநாதன். "ஊர் கூடிக் குடுத்தால்தான் அதுக்குப் பேர் பரிசு."

அலாவுதீன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கீழே எழுத்துக்கடையில் யாரோ எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது.

"பரிசு குடுத்தா புள்ளைங்க பரிசுக்குத்தான் படிக்கும்" என்றார்.

"இப்ப எதுக்குப் படிக்குதுகள்? பிரம்புக்கு. பிரம்பைவிடப் பரிசு நல்லதுதானே, வாத்தியார்?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

கமாலுதீன் வாத்தியார் மேசைமேல் இருந்த பிரம்பை மெதுவாக மேசைக்குக் கீழே வைத்தார்.

"என் படகுல ஒருத்தன் நல்லாத் துடுப்புப் போடுறான்னு அவனுக்கு மட்டும் மால போட்டேன்னா, மத்தவன்லாம் துடுப்பத் தூக்கி வச்சிட்டு அவன வேடிக்க பாப்பான். படகு எங்க போவும்?" அலாவுதீனுக்கே தான் பேசியது பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"தண்டல் அண்ணே ஏன் இவ்வளவு கொதிக்கிறாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஷரீஃபாவுக்கு நாலும் நாலும் எத்தனைன்னு வரல போல!"

மாடி முழுதும் சிரித்தது. அலாவுதீன் முகம் சிவந்தார். 'என் மகள்தான் முதல்' என்று சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். அதைத்தான் சொல்ல முடியாது. நின்றபடியே வியர்த்துவிட்டு உட்கார்ந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. பரிசு நிதிக்கு நால்வர் குழு அமைத்தபோது வாத்தியார், "தண்டலையும் சேத்துக்குவோம். வெளிய நின்னு கத்துறத உள்ள உக்காந்து கத்தட்டும்" என்றார். அலாவுதீன் வேண்டாம் என்றார். எழுதிக்கொண்டார்கள்.

கதிர்காமநாதன் அழகாக எழுதிக் கொடுத்தார்: மேலே 'பரிசு நிதி' என்று தலைப்பு, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அகர வரிசையில் நால்வர் பெயர், முதலாவதாகத் 'தண்டல் அலாவுதீன்'. அச்சகத்தில் தாள் சிறியது. கோட்டை எடுத்தார்கள். மற்ற மூவரையும் பொடி எழுத்தில் அடிக்குத் தள்ளினார்கள். கடைத்தெருத் தூண்களில் ஒட்டப்பட்ட தாளில் பெரிய எழுத்தில் இருந்தது இது:

பரிசு நிதி தண்டல் அலாவுதீன்.

படித்தவர்கள் எல்லாரும் சரியாகவே படித்தார்கள். பரிசு நிதிக்கு வசூல் செய்கிறவர் அலாவுதீன்.

மறுநாள் காலை அவர் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு துணிக்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "பாய், காசாக் கேக்காதீங்க. யாவாரம் படுத்துக் கெடக்கு. சரக்காத் தர்றேன்." அலாவுதீன் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் தோளில் ஒரு துணிக்கட்டு ஏறிவிட்டது. அந்த ஆண்டு ரப்பர் விலை விழுந்து ஊரே முடங்கியிருந்தது. பெட்டிகள் காலி, அலமாரிகள் நிறைவு. விற்காததைக் கொடுத்துப் புண்ணியம் தேட ஓர் ஆள் கிடைத்ததும் கடைத்தெரு விட்டுவிடவில்லை. குடைகள் வந்தன. சிலேட்டுகள் வந்தன. ஒரு மூட்டை வேர்க்கடலை வந்தது. இரண்டு அரிக்கன் விளக்குகளும், எதற்கென்று தெரியாத ஓர் ஊறுகாய்ச் சாடியும் வந்தன.

"நான் தண்டல்தான். ஆனா தண்டல் இல்ல!" என்று அலாவுதீன் கதறினார்.

"தண்டல்தான்னு நீங்களே சொல்றீங்களே" என்றாள் முட்டை வியாபாரி மஹ்பூபா. கூடையை அவர் காலடியில் வைத்தாள். கூடைக்குள் நான்கு கோழிகளும் அந்தச் சேவலும். "நல்லாப் படிக்கிற புள்ளைக்குக் குடுங்க. முட்டை தின்னா மூளை வளரும்."

"நான் தண்டல், துறைமுகத் தண்டல்..."

"துறைமுகத்துல வேற தண்டுறீங்களா? உங்க சேவையே சேவை அண்ணே!"

மாலையில் பால்காரன் முனுசாமி கொம்பு முளைத்த கிடா ஒன்றை வாசல் தூணில் கட்டிவிட்டு, நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்காமல் போய்விட்டான். கிடா அந்த இரவே சங்க அறிவிப்புத் தாள் ஒன்றைத் தின்று, தன் கருத்தைத் தெரிவித்தது.

அலாவுதீன் கதிர்காமநாதனிடம் ஓடினார். செயலாளர் தாளைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் நடுவில ஒரு கோடு போட்டனான். அச்சுக்காரன் விழுங்கிப்போட்டான். எங்கட பக்கத்தில படகுத் தலைவனைத் தண்டயல் எண்டுதான் சொல்லுறது, உங்கட ஊர்ச் சனம் தண்டல் எண்டு சொன்னபடியால்..." சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு சேர்ந்தது?"

"கிடா வரைக்கும் வந்திருச்சு."

"அப்ப விடாதேயுங்கோ. தொடர்ந்து செய்யுங்கோ."

வேண்டாம் என்று சொல்லப் போனவர் மூன்றாம் முறையாகத் தலையில் கட்டிக்கொண்டு திரும்பினார்.

எல்லாவற்றுக்கும் உச்சமாக ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த நாகூர் மீரான் தன் கடையிலிருந்து ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பச்சை வர்ணம், புது பெல்.

"ஊரெல்லாம் உங்க வசூலத்தான் பேசுது மச்சான். நான் சும்மா இருக்கலாமா? இது மொத பரிசு. எந்தப் பய குடுத்து வச்சிருக்கானோ! மேடையில என் கையால குடுப்பேன்."

அலாவுதீனுக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்து ஷரீஃபா அந்த பெல்லைப் பார்த்த பார்வையை அவர் பார்த்துவிட்டார்.

பரீட்சைக்கு முந்தின மாலை, கிடாவுக்கும் கடலை மூட்டைக்கும் நடுவில் அவர் மகளை உட்காரவைத்தார்.

"தங்கம், ஒண்ணு கேட்டா செய்வியா? நாளைக்குக் கணக்கக் கொஞ்சம் தப்பாப் போடு."

ஷரீஃபா அவரைக் காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எத்தனை தப்பு வாப்பா?"

"ஒண்ணு போதும்."

"பத்தாது. ஆனந்தராஜா எப்பவும் மூணு தப்பு பண்ணுவான். நான் ரெண்டாவதா வரணும்னா நாலு தப்பு பண்ணணும். அவ்வளவு தப்பு எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லிக் குடுங்க."

"இதென்ன பெரிய விஷயம்? ஏழெட்டு எத்தனைன்னு கேட்டா..." அலாவுதீன் விரலை மடக்கினார், வாய்க்கு வந்த தப்பான எண்ணைச் சொன்னார். "அம்பத்தாறுன்னு எழுதிட்டு வா."

"அதான் வாப்பா சரியான விடை."

அலாவுதீன் கிடாவைப் பார்த்தார். கிடா அவரைப் பார்த்தது.

"மாமா சொன்னது எனக்குத் தெரியும்" என்றாள் ஷரீஃபா. குரல் கொஞ்சம் இறங்கியது. "மேடை ஏறுனா நிறுத்திருவாங்க. ஆனா தெரிஞ்ச கணக்கத் தெரியாதுன்னு எழுதிட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு எதுக்குப் போவணும்?"

அலாவுதீன் ஒரு பிடி கடலையை அள்ளிக் கிடாவுக்குப் போட்டார். மறுநாள் அவள் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டாள். வாத்தியார் காதில் சொல்ல வந்தபோது அலாவுதீன் காதைப் பொத்திக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. பரிசுகளை எல்லாம் காலையிலேயே நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கதிர்காமநாதன் வந்து நின்றார். அலாவுதீனுடைய படகுக்காரர்கள் சுமைக்கு வந்தார்கள். முன்னால் குடைகள், பிறகு துணிக்கட்டுகள், பிறகு கோழிக்கூடை, பிறகு கிடா, கடைசியில் பச்சைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாகூர் மீரான். சூலியா தெருவில் ஊர்வலம் புறப்பட்டதைப் பார்த்தவர்கள் யாருக்கோ கலியாணம் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள். அலாவுதீன் தூக்குமேடைக்குப் போகிறவர்போல் நடந்தார். மகள் ஏறப்போகும் மேடைக்குத் தானே சாமான் சுமந்து கொடுப்பது அவர் தலையெழுத்து.

பினாங்கு ரோட்டுச் சந்திப்புவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே டிராம் மணியடித்தது. கிடா அதற்கு முன் டிராமைப் பார்த்ததில்லை. அது தண்டவாளத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. டிராம் நின்றது. மணி மேலும் அடித்தது. சேவல் கூடையைத் தள்ளிக்கொண்டு பறந்து, போகிற ரிக்‌ஷா ஒன்றின் கூரையில் ஏறி நின்று கூவியது. ரிக்‌ஷாவில் இருந்த சீனப் பாட்டி குடையால் குத்தினார். கோழிகள் திசைக்கொன்றாக ஓடின. ஒன்று நேராகத் துணிக்கடைக்குள் போய், தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பட்டுப் புடவையின் மேல் முட்டையிட்டது. கடலை மூட்டை அவிழ்ந்தது. கடலைமேல் கால்வைத்த படகுக்காரன் வழுக்கி விழ, அவன் பிடித்திருந்த துணிக்கட்டு உருண்டு ரோட்டின் நீளத்துக்கு விரிந்தது. கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒழுங்கு! ஒழுங்கு!" என்றார். யாரும் கேட்கவில்லை. கிடா அவருடைய நிகழ்ச்சி நிரலைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அலாவுதீன் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே கூரை இல்லை.

"ஏய்!"

டிராம் மணி நின்றது. சேவல்கூட நின்றது.

"துணிய சுருட்டு! நீ, கோழியப் பிடி! கிடாவ நாலு பேர் தூக்கு! ஒரு சாமான் கொட்டகைக்குப் போவக் கூடாது! எல்லாம் திருப்பு! வீட்டுக்கு விடு!" மூச்சு வாங்கிக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே கேட்டது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "விழா எங்க வீட்டுலதான்!"

அந்தக் குரலுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவர யாருக்கும் துணிவில்லை.

இவ்வாறு பெற்றோர் சங்கத்தின் முதல் பரிசளிப்பு, அலாவுதீன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நடந்தது. பிள்ளைகள் முற்றத்தில், தகப்பன்மார் கூடத்தில், தாய்மார் அடுப்படிப் பக்கம். ஊறுகாய்ச் சாடி கையெழுத்துக்குப் பரிசாகப் போனது. ஆனந்தராஜா இரண்டாம் பரிசாகக் கிடாவைப் பெற்றான். கதிர்காமநாதன் அதைத் தன் வீட்டுக்குள் எப்படி விடுவது என்று அப்போதே கவலைப்படத் தொடங்கினார். பிறகு நாகூர் மீரான் சைக்கிளின் பக்கத்தில் வந்து நின்று மீசையைத் தடவினார். வாத்தியார் படித்தார்.

"முதல் பரிசு: ஷரீஃபா."

'நாலும் நாலும்' என்று கேட்டவர் தன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நாகூர் மீரான் மச்சானைப் பார்த்தார். அலாவுதீன் உத்தரத்தைப் பார்த்தார்.

தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி ஷரீஃபா அடுப்படியிலிருந்து முற்றம் கடந்து கூடத்துக்கு வந்தாள்.

"மச்சான், நான் அன்னைக்கே சொன்னேன்ல, மேடை..." என்று நாகூர் மீரான் ஆரம்பித்தார்.

"மேடை எங்க இருக்கு, நானா?" என்றது அடுப்படிப் பக்கமிருந்து ஒரு குரல். ஆசியா பீவி அண்ணனுக்கு எதிராகப் பேசி அன்றுதான் ஊர் கேட்டது. "இது என் வீட்டுக் கூடம். எங்க வாப்பா குடுத்தது. என் புள்ள அடுப்படியிலேருந்து கூடத்துக்கு வந்துருக்கா. தெனமும்தான் வர்றா."

நாகூர் மீரான் தரையைப் பார்த்தார். பாய். பாய்க்குக் கீழே பார்த்தார். செங்கல் தரை. மேடை எங்கேயும் இல்லை. தாம் சொன்ன சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கூடம் என்று ஒரு வார்த்தையும் இல்லை. சைக்கிளைத் தள்ளி மருமகளிடம் கொடுத்தார்.

அவள் வாங்கியதும் பெல்லை அடித்தாள். அடுத்து, யாரும் தடுப்பதற்குள், சட்டத்தின் இடுக்கில் காலைவிட்டுக் குரங்குப் பெடல் போட்டாள். சைக்கிள் தகப்பன்மாரைப் பிளந்துகொண்டு உள்நோக்கிப் புறப்பட்டது. இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது.

சைக்கிள் கடைக்காரர் ஒருவர் தம் கண் முன்னால் ஒரு சைக்கிள் தப்பாக ஓட்டப்படுவதை எவ்வளவு நேரம் பொறுப்பார்?

"ஹாண்டில நேராப் புடி! கீழ பாக்காத, முன்னால பாரு!" நாகூர் மீரான் ஒரே தாவலில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். கூடம் கடந்து, முற்றம் கடந்து, கோழிகள் சிதற, தாய்மார் சிரித்துக்கொண்டு ஒதுங்க, அடுப்படிச் சுவர்வரை போய், மூச்சிரைக்கத் திருப்பி, மறுபடி வாசல்வரை. "மிதி! மிதி புள்ள! நான் புடிச்சிருக்கேன்!"

மூன்றாவது சுற்றில் அவர் பிடிக்கவில்லை. முற்றத்தில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, என் மருமவ!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஷரீஃபா வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். நடந்துதான் போனாள், சைக்கிள் வீட்டுக்குள் மட்டும் என்று மாமா புதிதாக ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் இருந்தவர்களுக்கு மாலை வேளையில் கதவு சாத்திய வீட்டுக்குள்ளிருந்து பெல் சத்தம் கேட்பது பழகிப்போனது.

அடுத்த ஆண்டு பெற்றோர் சங்கம் கூடியபோது பரிசு வேண்டுமா என்ற கேள்வி மீண்டும் வந்தது. எண்ணெய்க்கடைக்காரர் மீண்டும் எதிர்த்தார். அலாவுதீன் எழுந்தார். பரிசு வேண்டும், சங்கமே கொடுக்க வேண்டும், ஆனால் உயிருள்ள எதுவும் வேண்டாம் என்றார். கதிர்காமநாதன் முதல் ஆளாகக் கைதூக்கினார். அவருடைய வீட்டுக் கதவின் கீழ்ப்பாதியைக் கிடா தின்றிருந்தது. பிறகு வசூலுக்கு யார் என்று கேட்டபோது, அலாவுதீன் வேண்டாம் என்றார். எழுதிக்கொண்டார்கள்.